கதவில் ஒன்று, உறையில் ஒன்று

அத்தியாயம் ஏழு

தேர்தல் அலுவலகத்தின் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மிச்சமிருந்ததே ஐந்தரை மணி நேரம். அதிலும் ஏழு நிமிடத்தை அந்தக் கடிகாரம் விழுங்கிவிட்டதைப் போல எனக்குத் தோன்றியது.

"சரியா நாலு மணிக்கு முடிவை அறிவிக்கிறேன். நாலு அஞ்சுக்கு டீச்சர் மேல போலீஸ்ல புகார்," என்றார் தேர்தல் அதிகாரி. "ரெண்டு பேப்பரும் தயார். என் கையெழுத்துதான் பாக்கி."

"பேனா இருக்கா சார்?" என்றேன்.

மேஜைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்தாள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, தானாக எரிந்த கடை எது, எரிய வைக்கப்பட்ட கடை எது என்று பிரித்துப் பார்த்தவள். நான் ரயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கவுன்ட்டரில் நான் பேசி முடிப்பதற்குள் மூன்று பேருக்கு ரயில் போய்விட்டதால் என்னையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது இருவரும் சேர்ந்து துப்பறிகிறோம். அவள் மூளை, நான் வாய். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் சண்டை போடாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஊரில் யாராலும் தீர்க்க முடியாத மர்மம் என்பார் அண்ணன்.

வழக்கு இதுதான். நேற்று நகரசபைத் தலைவர் தேர்தல். போட்டி இரண்டே பேருக்குள்: ரொட்டிக்கடைக்காரர், கான்ட்ராக்டர். மொத்தம் நாற்பத்தொரு சாவடிகள். ஓட்டு முடிந்ததும் அந்தந்தச் சாவடியிலேயே சீட்டுகளை எண்ணி, சாவடித் தலைவர் ஒரு தாளில் கணக்கை எழுத வேண்டும். இரண்டு தரப்பு ஏஜென்ட்டுகளும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தாள் உறையில் போட்டு மூடப்பட்டு இந்த அலுவலகத்துக்கு வரும். இன்னொன்று சாவடியின் கதவில் ஒட்டப்படும். கதவுத் தாளை யார் வேண்டுமானாலும் படம் எடுத்து 'ஊர்ப்பலகை' என்ற இணையதளத்தில் ஏற்றலாம். நாற்பத்தொரு படங்களையும் வீட்டில் உட்கார்ந்தபடி கூட்டிப் பார்த்து, அதிகாரி சொல்லும் முடிவு சரிதானா என்று யாரும் தெரிந்துகொள்ளலாம்.

நாற்பது சாவடிகளில் உறையும் கதவும் ஒரே கணக்கைச் சொல்லின. அதன்படி கான்ட்ராக்டர் ஐம்பது ஓட்டு முன்னிலை. பதினேழாம் சாவடியில்தான் சிக்கல். அதன் சாவடித் தலைவர்தான் டீச்சர். கதவுப் படம் ரொட்டிக்கடைக்காரருக்கு 341, கான்ட்ராக்டருக்கு 214 என்றது. உறைக்குள் இருந்த தாள் அதைத் தலைகீழாகச் சொன்னது. கதவை நம்பினால் ரொட்டிக்கடை ஜெயிக்கிறது, உறையை நம்பினால் கான்ட்ராக்டர்.

"படத்தை யாராவது மாத்தியிருக்கலாமே சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"மாத்த முடியாதும்மா. படம் வந்து சேர்ற நிமிஷமே, அதுல இருக்கற ஒவ்வொரு புள்ளியையும் வச்சு ஒரு எண் போட்டுடுவாங்க. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிடும். அந்த எண்ணெல்லாம் இன்னைக்குக் காலைப் பேப்பர்லயே அச்சாயிடுச்சு. சரிபார்த்துட்டேன். நேத்து ஏழு பன்னிரண்டுக்கு வந்த படம் அப்படியே இருக்கு." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப என்ன அர்த்தம்? டீச்சரே ரெண்டு தாள் எழுதியிருக்காங்க. இவங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் அவங்க கையெழுத்துதான். ரெண்டுலயும் மொத்தம் ஐந்நூத்தம்பத்தஞ்சு. அதுவும் சரியா இருக்கு."

"கதவுத் தாள் எங்க?"

"காலையில பள்ளிக்கூடத்தைத் திறந்ததும் ஈரத்துணியால கதவைத் துடைச்சிருக்காங்க. தாள் கூழாயிடுச்சு."

"உறைத் தாளைப் பார்க்கலாமா?"

"காட்டக் கூடாது. வேணும்னா படிக்கிறேன்." கோப்பை ஓரமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். "கான்ட்ராக்டர், முந்நூத்தி நாப்பத்தொண்ணு. ரொட்டிக்கடைக்காரர், இருநூத்திப் பதினாலு."

"ஜெயிச்சவர் பேரை முதல்ல படிக்கறதும் ஒரு மரியாதைதான்," என்று முணுமுணுத்தேன். அண்ணி சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

"பெட்டியைத் திறந்து இன்னொரு தடவை எண்ணிட்டா தீர்ந்துச்சே சார்?"

"சாவடியோட ரெண்டு ஏஜென்ட்டும் எழுத்துல கேக்கணும். அறிவிப்புக்கு முன்னாடி கேக்கணும். ரொட்டிக்கடைக்காரருக்கு ஏஜென்ட்டா இருந்த அவரோட தங்கச்சி காலையிலேயே மனு குடுத்துட்டாங்க. கான்ட்ராக்டர் பக்கம் எதுக்குக் கேப்பாங்க? அவங்க ஜெயிச்சுட்டுல்ல இருக்காங்க." பிறகு குரலைத் தணித்தார். "நான் கெட்டவன் இல்லம்மா. என் கையில இருக்கறது ஒரே ஒரு தாள். அதை நம்பாம எதை நம்பறது?"

வெளியே வரும்போது வாசல் மேஜையிலிருந்த குமாஸ்தா கையை நீட்டினார். உள்ளே போகும்போது அவர் எழுதிக் கொடுத்த வருகைச் சீட்டைத் திருப்பித் தர வேண்டுமாம். நான் கைப்பையைத் துழாவினேன். அதற்குள் எத்தனையோ பொருள்கள் காணாமல் போயிருக்கின்றன.

"தேடி வைங்க. சாயங்காலம் வர்றப்போ குடுங்க," என்றார் பெருந்தன்மையாக. "இந்த ஆபீஸ்ல ஒரு தாள் வீணாகாது. இந்தச் சீட்டுகூட பழைய படிவத்தோட முதுகுதான். முதல் தடவை அச்சகத்துக்காரர் சொதப்பிட்டார், திரும்ப அடிச்சோம். சொதப்பினதைத் தூக்கிப்போட மனசு வரலை."

அவருக்குப் பின்னால், ஜன்னலோரத்தில், இரண்டு காகித அடுக்குகள் இரட்டைக் கோபுரம் மாதிரி தோளோடு தோள் உரசி நின்றன.

* * *

பதினேழாம் சாவடி, பள்ளிக்கூடத்தின் ஓவிய அறை. கொடியில் கிளிப் மாட்டிப் பிள்ளைகளின் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாப் படத்திலும் வீட்டைவிடப் பூனை பெரியதாக இருந்தது. அந்த வீடுகளில் குடியிருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது.

டிராயிங் டீச்சர் குழாயடியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர்தான் எங்களை அழைத்தவர், அவர்தான் மாட்டிக்கொண்டவரும்.

"வகுப்பெடுக்கக் கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்," என்றார். "தூரிகை கழுவக் கூடாதுன்னு சொல்லலை."

"ரெண்டு தாள் எழுதினீங்களா டீச்சர்?" அண்ணி நேராகக் கேட்டாள்.

"ஒரே தடவைதான் எழுதினேன். நாலு படிவத்தை அடுக்கி, நடுவுல மூணு கார்பன் வச்சு, ஒரே அழுத்தா எழுதினேன். கதவுக்கு ஒண்ணு, உறைக்கு ஒண்ணு, ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கு ஒண்ணு. ஏஜென்ட்டுகளும் மேல் தாள்லதான் கையெழுத்துப் போட்டாங்க. எல்லாமே ஒண்ணா கீழ இறங்கிடுச்சு. அப்புறம் எப்படி வேறயாகும்?"

"உறையில வச்சது எந்தத் தாள்?"

"மேல் தாள். பேனாவால எழுதினது. விதிப்படி." பதில் வந்த வேகத்தில் கேள்வியே கொஞ்சம் பின்தங்கிவிட்டது. அவர் குழாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.

"ஜெயிச்சது யாரு?"

"ரொட்டிக்கடைக்காரர். நான் எண்ணினேன், ரெண்டு ஏஜென்ட்டும் எண்ணினாங்க. இருபத்தாறு வருஷமா, படத்துக்குப் பின்னால பேரை எழுது, நீ வரைஞ்சதுக்கு நீதான் பொறுப்புன்னு பசங்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன். நாளைக்குப் பேப்பர்ல என் பேர் வந்தா..." தூரிகையை உதறினார். "அந்தப் பசங்க முன்னால எப்படி நிப்பேன்?"

அவருடைய நகக்கண்களில் ஊதா நிறம் படிந்திருந்தது. ஓவிய டீச்சர் ஆயிற்றே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்ககிட்ட கேமரா போன் இருக்கா?"

"பட்டன் போன்தான். மத்தவங்க போனையெல்லாம் வாசல்ல ஒரு கூடையில போட்டு வச்சிருந்தோம்."

கதவில் பசை காய்ந்த நான்கு மூலைகள் மட்டும் மிச்சமிருந்தன. காணாமல் போன ஒரு ஜன்னலின் சட்டம் போல.

* * *

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, என் போனில் ஊர்ப்பலகையைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினோம்.

"எடுத்தவங்க பேர் இருக்கா?"

"இல்லை அண்ணி. பலகையில யாரோட பேரையும் கேக்க மாட்டாங்க. அதுதான் அதோட அழகாம். நமக்குத்தான் தலைவலி."

"இடது மூலையில என்ன, மேகமா?"

இடது ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல். படம் எடுத்தவர் லென்ஸை உரசியபடி போனைப் பிடித்திருக்கிறார். விரலின் உட்பக்கத்தில் ஊதாக் கறை.

"ஓட்டுப்போட்ட மை," என்றேன். "ஊர்ல பாதிப் பேர் விரல்ல இருக்கும். ஒவ்வொருத்தரா கை குலுக்கிப் பாத்தா பத்து நாள்ல கண்டுபிடிச்சுடலாம்."

"உன் விரலைக் காட்டு."

காட்டினேன். ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் கறுப்புக் கோடு.

"ஓட்டு மை கறுப்பு. நகத்து மேல வைப்பாங்க. இது ஊதா. கட்டைவிரலோட உட்பக்கம். இதே நிறத்தைக் கொஞ்ச நேரம் முன்னாடி எங்க பாத்தோம்?"

"டீச்சர் நகத்துல. அது வண்ணம்தானே?"

"கொடியில காயற படத்துல எதுலயாவது ஊதா இருந்துச்சா?"

யோசித்தேன். பூனைகள் மஞ்சள், வீடுகள் சிவப்பு, வானம் வழக்கம்போல் நீலம். ஊதா எங்கும் இல்லை.

"கார்பன்," என்றேன்.

"நேத்து ஏழு மணிக்குப் பதினேழாம் சாவடியில கார்பன் தாளைத் தொட்டவங்க மூணே பேர். டீச்சர்கிட்ட கேமரா இல்லை. மத்த ரெண்டு பேர்ல ரொட்டிக்கடைக்காரரோட தங்கச்சி எடுத்திருந்தா, காலையிலேயே மனுவோட சேர்த்து 'நான்தான் எடுத்தேன்'னு சொல்லியிருப்பாங்க. மறைக்க அவங்களுக்குக் காரணம் இல்லை."

"அப்போ கான்ட்ராக்டரோட ஏஜென்ட்டா? அவரோட கட்சி தோத்த படத்தை அவரே ஏத்தினாரா? அந்த ஏஜென்ட் யாருன்னு தெரியுமா அண்ணி? கான்ட்ராக்டரோட சொந்த மாப்பிள்ளை."

அண்ணி எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "அதனாலதான் 'நான்தான் எடுத்தேன்'னு முன்னால வரலை."

* * *

மாப்பிள்ளைக்கு மீன்தொட்டிக் கடை. கடைக்குள் நுழைந்ததும் வெயில் பச்சையாக மாறியது. சுவர் முழுக்கத் தொட்டிகள். குமிழ்கள் எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் கையைத் தொட்டிக்குள் விட்டு, எதுவுமில்லாத இடத்தில் எதையோ தேடினார்.

"மெதுவா பேசுங்க. மீன் பயந்துடும்."

"மீனா, நீங்களா?" என்றேன்.

"தண்ணியில எவ்வளவு நேரம் வச்சாலும் அது போகாது," என்றாள் அண்ணி. "கார்பன் கறை. நகத்தோரத்துல நிக்கும்."

அவர் கையை வெளியே எடுத்துக் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏஜென்ட் கையேடு குடுத்தாங்க. மொத்த ஊர்ல அதைப் படிச்ச ஏஜென்ட் நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன். எட்டாம் பக்கத்துல, 'கதவுத் தாளைப் படம் எடுத்துப் பலகையில் ஏற்றவும்'னு இருந்துச்சு. ஏத்தினேன். தோத்தா ஏத்தாதேன்னு அந்தப் பக்கத்துல இல்லை."

"காலையில ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் கிளம்பினேன். அதுக்குள்ள மாமனார் வந்தார். உறையில இருந்த கணக்கு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. 'மாப்பிள்ளை, உங்க சாவடிதான் என்னைக் காப்பாத்துச்சு'ன்னு கட்டிப்பிடிச்சார்." மாப்பிள்ளை ஒரு தங்கமீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் தடவை."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் எதுவுமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டேன். இது அடிக்கடி நடப்பதில்லை.

"உங்களுக்குக் குடுத்த நகல் எங்க?" என்றாள் அண்ணி.

"இருக்கு. பிரிச்சே பாக்கலை." மீன் தீவன டப்பாவின் அடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி அதைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்தாள். மூன்று பேரும் குனிந்தோம்.

கான்ட்ராக்டர், 341. ரொட்டிக்கடைக்காரர், 214.

மாப்பிள்ளை தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடியும் படித்தார்.

"அப்ப நான் எண்ணினது தப்பா?" என்றார் மாப்பிள்ளை. "நான் எடுத்த படம்?"

"போச்சு அண்ணி," என்றேன். "டீச்சரைக் காப்பாத்த வந்து, அவங்களுக்கு எதிரா இன்னொரு சாட்சியைத் தோண்டி எடுத்திருக்கோம். இதை அப்படியே டப்பாவுக்கு அடியில வச்சுட்டுப் போயிடலாமா?"

புழுக்கமாக இருந்தது. விசிறிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கைப்பைக்குள் கையை விட்டேன். குமாஸ்தாவின் வருகைச் சீட்டு, தேடாதபோது வந்து மாட்டியது. இரண்டு தடவைதான் விசிறியிருப்பேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திருப்பு."

"எதை?"

"சீட்டை. உன் பேர் இருக்கற பக்கம் வேண்டாம். முதுகு."

முதுகில் பழைய படிவத்தின் மேல்பாதி. அண்ணி அதை நகலுக்கு வலப்பக்கமும், ஊர்ப்பலகைப் படம் திறந்திருந்த என் போனை இடப்பக்கமும் வைத்தாள்.

"வாயாடி, எண்ணைப் பாக்காதே. பேரையும் பாக்காதே. முதல் வரி, ரெண்டாம் வரின்னு மட்டும் பாரு. படத்துல முதல் வரியில என்ன எண்?"

"341."

"நகல்ல?"

"முதல் வரியில... 341." தலையை நிமிர்த்தினேன். "ரெண்டாம் வரியில ரெண்டுலயும் 214. எண் எதுவும் இடம் மாறலை அண்ணி."

"நாலோட வாலைப் பாரு. கீழ இறங்கி இடது பக்கம் வளையுது, ரெண்டுலயும் ஒரே மாதிரி. மாப்பிள்ளையோட கையெழுத்து ரெண்டுலயும் கோட்டுக்கு வெளியே ஓடுது. ரெண்டு தடவை எழுதினா இப்படி வராது. டீச்சர் சொன்னது நிஜம். ஒரே எழுத்து, ஒரே அழுத்து."

"அப்ப எது மாறியிருக்கு?"

"யாருமே கையால எழுதாத பகுதி. அச்சடிச்ச பேர்." அண்ணியின் விரல் நகர்ந்தது. "கதவுப் படத்துல மேல ரொட்டிக்கடைக்காரர், கீழ கான்ட்ராக்டர். நகல்ல மேல கான்ட்ராக்டர். இப்ப உன் சீட்டு?"

சீட்டின் முதுகிலும் கான்ட்ராக்டர்தான் மேலே இருந்தார்.

"அச்சகத்துக்காரர் சொதப்பினது இதைத்தான்," என்றாள். "வரிசையைத் தலைகீழா அடிச்சிருக்கார். அதைத் திரும்ப வாங்கி வச்சாங்க, தூக்கிப்போடலை. பதினேழாம் சாவடிக்குப் போன நாலு படிவத்துல சிலது அந்தத் தப்பு அடுக்குலேர்ந்து போயிருக்கு. மேல ஒரு நல்ல படிவம், அடியில தப்புப் படிவம். டீச்சர் மேல் தாளைப் பாத்துச் சரியாத்தான் எழுதினாங்க. அதே எண் அடியில இறங்கினப்போ, அங்க வேற ஆள் உக்காந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரரோட தங்கச்சி கையில இருக்கற நகலும் இதே மாதிரிதான் இருக்கும், அதான் அவங்க கதவுப் படத்தை மட்டும் காட்டி மனு குடுத்திருக்காங்க."

"அதான் அதிகாரி கான்ட்ராக்டர் பேரை முதல்ல படிச்சாரா?"

"அவர் மரியாதை பாக்கலை. மேலேர்ந்து கீழ படிச்சார்."

"ஆனா ஒண்ணு இடிக்குதே அண்ணி. மேல் தாளை உறையில வச்சேன்னு டீச்சர் சொன்னாங்க. அப்படின்னா நல்ல தாள் உறையில இருந்திருக்கணும். கதவுலதான் தப்பு வந்திருக்கணும்."

"அதைத்தான் அவங்ககிட்டக் கேக்கப்போறேன்," என்று அண்ணி போனை எடுத்தாள்.

ஸ்பீக்கரில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அண்ணி ஒரே கேள்விதான் கேட்டாள். தண்ணீர் நின்றது.

"போன தேர்தல்ல விதிப்படி கார்பன் நகலைத்தான் கதவுல ஒட்டினேன்," என்றார் டீச்சர் மெதுவாக. "படம் எடுத்தவங்களுக்கு எதுவும் தெரியலை. பலகையில நாப்பது சாவடிக்கும் கணக்கு வந்துச்சு. என்னோடதுல மட்டும் 'படிக்க முடியவில்லை'ன்னு இருந்துச்சு. ஊரே பாக்கற இடத்துல என் கட்டம் காலியா கிடந்துது. அதான் இந்தத் தடவை, பேனாவால எழுதின தாளைக் கதவுக்குக் குடுத்துட்டு நகலை உறையில வச்சேன். விதியை மீறினதைச் சொன்னா, மத்ததையும் நம்ப மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

"மீறினதை நீங்க சொன்னதாலதான் டீச்சர் முழு உண்மையும் வெளிய வந்திருக்கு," என்றாள் அண்ணி. "ஆபீஸுக்கு வந்துடுங்க."

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நாங்க சொல்ற கதை. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து எண்ணினா கதையே தேவையில்லை. அதுக்கு உங்க மனு வேணும். நாலு மணிக்குள்ள."

அவர் வலையை எடுத்து, ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஒரு மீனை மாற்றினார். பிறகு அதே மீனைப் பழைய தொட்டிக்கே மாற்றினார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமே அண்ணி?"

"எட்டு வருஷத்துல கிடைச்ச ஒரே கட்டிப்பிடியைத் திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கோம். அதைக் கெஞ்சிக் கேக்கக் கூடாது."

* * *

அலுவலகத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. கான்ட்ராக்டர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் முன் வரிசையில் இருந்தார். டீச்சர் கடைசியில், சுவரோடு சுவராக.

அண்ணி வருகைச் சீட்டையும் மாப்பிள்ளையின் நகலையும் அதிகாரியின் மேஜையில் வைத்து, நான்கே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி கோப்பிலிருந்த தாளை வெளியே எடுத்தார். முதல் முறையாக எண்களை விட்டுவிட்டு அச்சடித்த பகுதியைப் படித்தார். பிறகு எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரல் ஊதாவானது.

குமாஸ்தாவைக் கூப்பிட்டார். குமாஸ்தா ஜன்னலோர அடுக்குகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"பதினேழாம் கட்டுல ஒரு படிவம்தான் இருந்துச்சு சார். மூணு குறைஞ்சுது. பக்கத்துலேர்ந்து எடுத்து வச்சேன். எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு..." மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஊதாக் கறை அங்கேயும் ஒட்டியது. "தப்பு எப்படி நடந்துச்சுன்னு புரியுது. ஆனா கதவு சரியா, உறை சரியான்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்கில்லை. பெட்டிதான் சொல்லணும். பெட்டியைத் திறக்க இன்னொரு மனு இல்லைன்னா, சட்டப்படி உறைதான்."

சுவர்க் கடிகாரம் நான்கு மணியைத் தொட்டது. கான்ட்ராக்டர் எழுந்து நின்றார். அதிகாரி மூடியைக் கழற்றிப் பேனாவைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனார்.

"சார்," என்றேன். "உங்க கடிகாரம் ஏழு நிமிஷம் வேகம்."

"தெரியுமே," என்றார் குமாஸ்தா, தன்னையும் அறியாமல்.

அதிகாரி தன் போனைப் பார்த்தார். மூன்று ஐம்பத்து மூன்று. பேனாவை மூடினார். என் வாழ்க்கையில் என் வாய் ஒருவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

ஐம்பத்து நான்கு. ஐம்பத்தைந்து. யாரோ இருமினார்கள். டீச்சர் தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழில் படிக்கட்டில் யாரோ ஓடி வரும் சத்தம்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். முழங்கை வரை ஈரம். ஒரு கையில் மடித்த தாள், மறு கையில் தண்ணீர்ப் பை, அதற்குள் ஒரு தங்கமீன். கடையில் அதைக் கீழே வைக்க மறந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றார் கான்ட்ராக்டர்.

"மனு மாமா."

"யாரைக் கேட்டுக் குடுக்கறீங்க?"

"ஏஜென்ட் கையேடு மாமா. பன்னிரண்டாம் பக்கம்." குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை. பையில் தண்ணீர் அசையாமல் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

* * *

பெட்டி எல்லோர் கண்ணெதிரிலும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஓட்டுச் சீட்டையும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார்கள். ஊர்ப்பலகையில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்நூற்றைம்பத்தைந்து சீட்டுகள். எண்ணி முடித்தபோது ரொட்டிக்கடைக்காரருக்கு 341. கான்ட்ராக்டருக்கு 214.

போலீஸ் புகாரை அதிகாரி நான்காகக் கிழித்தார். குமாஸ்தா அந்தத் துண்டுகளைப் பொறுக்க நகர்ந்தார், அதிகாரி பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்.

புதுப் படிவங்கள் வந்தன. இந்த முறை அதிகாரி எழுதுவதற்கு முன் நான்கு படிவங்களிலும் பெயர்களை உரக்கப் படித்தார். எழுதி, கையெழுத்து வாங்கி, கார்பன்களை உருவினார். பேனாவால் எழுதிய மேல் தாளைக் கையில் பிடித்தபடி டீச்சரைத் தேடினார்.

"இதை எங்க வைக்கணும் டீச்சர்?"

"விதிப்படி உறையில சார்," என்றார் டீச்சர்.

"அது தெரியும்," என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். டீச்சர் பசை டப்பாவை நீட்டினார். அது அவர் கைப்பையில் எப்போதும் இருக்குமாம்.

கான்ட்ராக்டர் மாப்பிள்ளையின் அருகில் வந்தார். அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், புதுச் சட்டையின் மடிப்பை ஒரு தடவை தடவிவிட்டார்.

"வீட்டுக்கு வாங்க. பேசிக்கலாம்."

"கடையைச் சாத்திட்டு வர்றேன் மாமா."

கான்ட்ராக்டர் இரண்டு படி இறங்கி, திரும்பாமலே சொன்னார். "பையில காத்து கம்மியா இருக்கு. முதல்ல அந்த மீனை விட்டுட்டு வாங்க."

கதவைச் சுற்றிப் போன்கள் உயர்ந்தன. நான் போனைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். வழக்கம்போல் கிடைக்கவில்லை. அண்ணி தன்னுடையதைக் காட்டினாள். நான்கு நாற்பத்தொன்றுக்கு ஊர்ப்பலகையில் முதல் படம் ஏறியிருந்தது. எழுத்துகள் தெளிவாக இருந்தன. மேலே ரொட்டிக்கடைக்காரர், கீழே கான்ட்ராக்டர். எடுத்தவர் பெயர் இல்லை.

இடது மூலையில், மங்கலாக, ஓர் ஊதாக் கட்டைவிரல் இருந்தது.